தூரத்து வாத்தியங்கள் – 17: மூன்றெழுத்தில் மூவர்

சென்ற வாரம் யான் யோஹான்சனோடு நிறுத்தியிருந்தேன். சுவீடன் கிராமத்துப் பாட்டுகளை ஒரு பியானோ, ஒரு டபுள் பேஸ் என்று இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு அவர் வாசித்த 'ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா' 1964-ல் வெளிவந்தது. இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற தட்டு அது. 1968 நவம்பரில், ஒரு கச்சேரிக்குப் போகிற வழியில், கார் விபத்தில் அவர் இறந்தார், வயது 37. இந்த வாரத்து ஆள் பிறந்ததும் அதே 1964-ல்தான், ஏப்ரல் 16 அன்று. பெயர் எஸ்பியோன் ஸ்வென்சன். இவரும் பியானோக்காரர். 2008 ஜூன் 14 அன்று ஸ்டாக்ஹோமை ஒட்டிய இங்காரோ தீவுப் பக்கம் கடலுக்கடியில் நீந்தப் போன இடத்தில் நடந்த விபத்தில், 44 வயதில், இவரும் போய்விட்டார். ஒற்றுமையை இதற்கு மேல் நீட்ட வேண்டாம். ஒருவர் எப்படிச் செத்தார் என்பதிலிருந்து அவர் இசையைக் கேட்கத் தொடங்குவது கெட்ட பழக்கம். ஆனால் இந்தக் குழுவின் விஷயத்தில் உலகமே அந்தப் பழக்கத்தில் விழுந்துவிட்டது. அதனால் முதலிலேயே சொல்லித் தீர்த்துவிட்டேன்.

குழுவின் பெயர் எஸ்பியோன் ஸ்வென்சன் ட்ரியோ. பியானோ ஸ்வென்சன், டபுள் பேஸ் டான் பெர்க்லுண்ட், டிரம்ஸ் மாக்னுஸ் ஓஸ்த்ரோம். 1990-களின் தட்டுகளில் முழுப் பெயரும் இருக்கும். 2000-ஐ ஒட்டி அது சுருங்கி, சின்ன எழுத்தில், புள்ளி வைத்து, 'இ.எஸ்.டி.' ஆகிவிட்டது. மெட்டுகளும் மூவர் பெயரில் வரத் தொடங்கின. கடை அலமாரியில் அடையாளம் தெரிய வேண்டும் என்று தன் பெயரைப் பெரிதாக்கிக்கொள்கிற தலைவர்கள் உண்டு. தன் பெயரைத் தானே மடித்து உள்ளே வைத்துக்கொண்ட தலைவர் ஜாஸ் உலகில் அபூர்வம். இது வெறும் அட்டை அலங்காரமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். அவர்களுடைய தட்டுகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தால், அந்த மடிப்பு உள்ளே இருக்கிற இசையிலும் நடப்பது காதில் விழும்.

ஸ்குல்தூனா என்பது ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே, வெஸ்டரோஸ் நகரத்தை ஒட்டிய சிறிய ஊர். 1607-ல் அரசர் ஒன்பதாம் கார்ல் தொடங்கிவைத்த பித்தளைப் பட்டறைக்குப் பேர்போனது. ஸ்வென்சன், ஓஸ்த்ரோம் இருவரும் அந்த ஊர்ப் பிள்ளைகள், சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். ஸ்வென்சனின் தாய் மேற்கத்திய செவ்வியல் இசையைப் பியானோவில் வாசிப்பவர். தந்தை ஜாஸ் பைத்தியம். பையனுக்கோ வானொலியில் வந்த ராக்கும் பாப்பும். இந்த மூன்றும் ஒரே வீட்டில் இருந்தன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விமர்சகர்கள் 'செவ்வியலையும் ஜாஸையும் ராக்கையும் இணைத்தார்' என்று ஏதோ ஆராய்ச்சிக்கூடத்துச் சோதனை மாதிரி எழுதினார்கள். வீட்டில் மூன்றையும் கேட்டு வளர்ந்த பையனுக்கு இணைப்பதற்கு என்ன இருக்கிறது? பிரித்துக் காட்டச் சொன்னால்தான் சிரமம்.

ஸ்வென்சன் ஸ்டாக்ஹோமில் இசை படித்து, பலருக்கும் பக்கவாத்தியம் வாசித்துத் திரிந்த பிறகு, 1993-ல் பெர்க்லுண்ட் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து 2008 வரை பதினைந்து ஆண்டு ஆள் மாறவே இல்லை. ஜாஸில் இது சாதாரணம் இல்லை. அங்கே ஆள் மாற்றம்தான் வழக்கம். இந்தக் குளிர்காலத்து டிரம்மர் அடுத்த கோடையில் வேறொருவர் மேடையில் இருப்பார். இந்தக் குழுவின் ஓசைக்கு எல்லாரும் சொல்கிற காரணம் வடநாட்டுப் பனி, நீண்ட இரவு, ஆளில்லாத ஏரி. எனக்கு அதில் நம்பிக்கை கம்மி. அதே பனியில் வளர்ந்த வேறு நூறு குழுக்களுக்கு இந்த ஓசை வரவில்லையே! மூன்று பேர் பதினைந்து ஆண்டு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டே வாசித்ததில் வந்தது இது.

பியானோ ட்ரியோ என்றால் வழக்கத்தில் என்ன? பியானோக்காரர் ராஜா, மற்ற இருவர் தூண்கள். மெட்டை எடுப்பார், அதன் சுரக்கட்டின் மேல் மனோதர்மம் செய்வார், பிறகு பெருந்தன்மையாக பேஸுக்கு ஒரு சுற்று, டிரம்ஸுக்கு ஒரு சுற்று, மறுபடி மெட்டு, கைதட்டல். பேஸ் சுற்று வரும்போது கிளப்பில் பேச்சுச் சத்தம் கூடும் என்பது ஜாஸ்காரர்களே சொல்லிச் சிரிக்கிற விஷயம். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து கேன்டீன் பக்கம் நடக்கிறார்களே, அந்த ஜாதி. இந்த அரசாட்சியை முதலில் அசைத்தவர் பில் எவன்ஸ். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டில் அவர் ட்ரியோ செய்த பதிவுகளில் ஸ்காட் லஃபாரோவின் பேஸ் பின்னால் நிற்காது. பியானோவோடு சரிக்குச் சரி பேசும். ஸ்வென்சன் அந்தப் பாதையில் வந்தவர்தான். ஆனால் எவன்ஸ் குழுவில் உரையாடல் என்பது மூன்று கெட்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் நுணுக்கமாகப் பேசுவது. இ.எஸ்.டி.யில் பெரும்பாலும் நடப்பது வேறு. மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஒரு சிறிய விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் கனத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

தொடக்கத் தட்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 'வென் எவ்ரிஒன் ஹேஸ் கான்' 1993-ல் வந்தது. பியானோக்காரர் கீத் ஜாரெட்டின் நிழல் நன்றாகவே தெரியும். 1996-ல் தெலோனியஸ் மங்க்கின் மெட்டுகளை மட்டும் எடுத்து ஒரு முழுத் தட்டு போட்டார்கள். மங்க்கின் கோணல் மெட்டுகளில் பிறர் சறுக்குவதெல்லாம் அவரைப் போலவே வாசிக்கப் பார்க்கும் இடத்தில்தான். இவர்கள் அதைச் செய்யவில்லை. மெட்டை வாங்கிக்கொண்டு, நடையைத் தங்களுடையதாக வைத்துக்கொண்டார்கள். 1997-ன் 'வின்டர் இன் வெனிஸ்' சுவீடனின் கிராமிஸ் விருதை வாங்கியது. அழகான தட்டு. சில சமயம் அழகு கொஞ்சம் கூடிப்போன தட்டு.

1999-ல் வந்த 'ஃப்ரம் காகாரின்ஸ் பாயிண்ட் ஆஃப் வியூ'வில்தான் கதவு திறந்தது. ஜெர்மனியில் ஸிகி லோக் 1992-ல் தொடங்கிய ஆக்ட் நிறுவனம் இதை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது. தலைப்புப் பாட்டு சுமார் நான்கு நிமிடம்தான். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி காகாரின் 108 நிமிடம் விண்வெளியில் இருந்துவிட்டு வந்தார். அந்த மனிதர் ஜன்னல் வழியே என்ன பார்த்திருப்பார் என்பதுதான் பாட்டின் கரு என்று தலைப்பு சொல்கிறது. மற்றவர் கையில் இந்தக் கரு கிடைத்திருந்தால் ராக்கெட் கிளம்புகிற உறுமலும் உச்சஸ்தாயியும் இருந்திருக்கும். இங்கே பியானோ ஒரு நேரத்தில் ஒரு சுரம் வைக்கிறது. வைத்த சுரம் தானாகத் தேயும்வரை அடுத்ததை எடுப்பதில்லை. இந்த இடைவெளிகளில்தான் கதை. அங்கே பேஸ் ஆழத்தில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். டிரம்ஸ் தாளம் போடுகிறதா, உலோகத்தைத் தடவுகிறதா என்று தெரியாத அளவுக்கு மெல்லிய சலசலப்பு. பியானோவை மட்டும் தனியாக எழுதி யாரிடமாவது கொடுத்தால், இரண்டாம் ஆண்டு மாணவர் வாசித்துவிடுவார். வாசித்தாலும் இந்தப் பாட்டு வராது. ஏனென்றால் பாட்டின் முக்கால்வாசி பியானோ சும்மா இருக்கும் நேரத்தில் நடக்கிறது.

அதே தட்டில் 'டாட்ஜ் த டோடோ' நேர் எதிர். 90-களில் இங்கிலாந்து நடன விடுதிகளில் டிரம் அண்ட் பேஸ் என்று ஒரு மின்னணு இசை ஓடியது. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிய அதிவேகத் தாளம், மனிதக் கைக்கு எட்டாதது என்ற எண்ணத்திலேயே செய்யப்பட்டது. ஓஸ்த்ரோம் அதைக் கையால் வாசித்தார். மெஷினைக் காப்பியடிக்கிற வித்தையாக அது நின்றுவிடவில்லை என்பதே அவர் பெருமை. மெஷினுக்கு வராத ஒன்று அவரிடம் இருந்தது: பியானோ ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நீட்டினால் தாளமும் அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இளைஞர்கள், ஜாஸ் என்றாலே தாத்தா சமாசாரம் என்று இருந்தவர்கள், இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் உள்ளே வந்தார்கள். புகை, வண்ண விளக்கு என்று ராக் குழுக்களுக்கான ஏற்பாடுகளோடு இவர்கள் மேடையேறியதும் அந்தக் கூட்டத்துக்குப் பழகியதாகவே இருந்தது.

இந்த இடத்தில் நான்காவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓக்கே லின்டன், ஒலிப் பொறியாளர். கச்சேரிக்குக் கச்சேரி உடன் பயணம் போனவர். குழுவின் நான்காவது உறுப்பினர் என்றே அவரைச் சொல்வார்கள். பெர்க்லுண்ட் தன் டபுள் பேஸில் வில் போட்டு இழுப்பார். அது வழக்கமானதுதான். ஆனால் அந்த ஒலியை எலெக்ட்ரிக் கிட்டார்காரர்களின் டிஸ்டார்ஷன் பெடல் வழியே விடுவார். மரத்தில் செய்த, ஆள் உயரத்துக்கு மேலான அந்தப் பழைய வாத்தியத்திலிருந்து ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிட்டார் கிளம்பி வரும். ஸ்வென்சன் எழுந்து நின்று பியானோவுக்குள் கையை விட்டு, தந்திகளை விரலால் அமுக்கிக்கொண்டே மறு கையால் கட்டையைத் தட்டுவார். 'டொக் டொக்' என்று ஒரு செத்த ஒலி. அதை லின்டன் தன் மேசையில் வாங்கி, எதிரொலி சேர்த்து, கரகரப்பாக்கி அரங்குக்குள் விடுவார். மின்னணு ஒலி வருகிறது, ஆனால் மேடையில் சின்தசைசர் இல்லை. எல்லாமே அந்த மூன்று மர, உலோக வாத்தியங்களிலிருந்து எடுத்த ஒலிதான். இந்தக் கட்டுப்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கீபோர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம், இசை மலிவாகியிருக்கும்.

'குட் மார்னிங் சூசி ஸோஹோ' 2000-ல், 'ஸ்ட்ரேஞ்ச் ப்ளேஸ் ஃபார் ஸ்னோ' 2002-ல். பாட்டுகளுக்குப் பெயர் வைப்பதில் இவர்களுக்கு ஒரு குறும்பு உண்டு. கடவுள் காபி இடைவேளையைப் படைத்தபோது என்று ஒரு பாட்டு. ஆடுகிற மேசையும் அவப்பெயர் பெற்ற நீதிக்கதையும் என்று இன்னொன்று. துயரமே உருவான வடநாட்டுக் கலைஞர்கள் என்ற பிம்பத்தோடு வருகிறவர்கள் பாட்டுப் பட்டியலை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

எனக்கு இவர்களின் ஸ்டூடியோ தட்டுகளில் முதலிடம் 2003-ன் 'செவன் டேஸ் ஆஃப் ஃபாலிங்'. இவர்கள் பதிவு செய்த இடங்களில் ஒன்று ஸ்டாக்ஹோம் அட்லாண்டிஸ் ஸ்டூடியோ. பழைய சினிமாக் கொட்டகையாக இருந்த கட்டடம், மெட்ரோனோம் என்ற பெயரில் இருந்த காலத்தில் ஆபா குழுவின் 'வாட்டர்லூ' பதிவான இடம். பாப் இசைக்கு இவர்கள் எவ்வளவு பக்கத்தில் இருந்தார்கள் என்பதற்கு இந்த முகவரி ஒன்று போதும். தட்டின் இரண்டாம் பாதியில் வரும் 'எலிவேஷன் ஆஃப் லவ்'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னச் சுரக்கட்டு. அது நிற்காமல் சுழல்கிறது. அதன் மேல் ஒரு மெட்டு வருகிறது, தெருவில் போகிறவர் ஒருமுறை கேட்டால் முணுமுணுத்துவிடலாம். பெரிய ஜாஸ் மேதைகள் இப்படிப்பட்ட மெட்டுக்கு வெட்கப்படுவார்கள். எடுத்த உடனேயே சிக்கலாக்கி, தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் அதன் தலையில் ஏற்றுவார்கள். ஸ்வென்சன் வெட்கப்படவில்லை. மெட்டை நம்பி விட்டுவிடுகிறார். மாற்றமெல்லாம் கீழே நடக்கிறது: டிரம்ஸின் அடர்த்தி படிப்படியாகக் கூடுகிறது, பேஸ் தன் இருப்பிடத்தை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறது. நான்காம் முறை அதே மெட்டு வரும்போது ஒரு சுரம்கூட மாறாமலே வேறு பாட்டாகியிருக்கும்.

அந்தத் தட்டிலேயே 'பிலீவ், பிலெஃப்ட், பிலோ' என்று ஒரு மெதுவான மெட்டு, தேவாலயத்துப் பாடல் போன்ற நடை. கேட்டு முடித்து, கடைசிப் பாட்டும் ஓடி முடிந்த பிறகு, தட்டை எடுக்காமல் விட்டுவைத்தால் நெடுநேர அமைதிக்கு அப்புறம் ஒரு குரல் வரும். அதே மெட்டு, இப்போது வார்த்தைகளோடு, 'லவ் இஸ் ரியல்' என்று. பாடுகிறவர் ஜாஷ் ஹேடன். பேஸ் மேதை சார்லி ஹேடனின் மகன். அட்டையில் பெயர் போடாமல் ஒளித்துவைக்கிற இந்த விளையாட்டு சி.டி. காலத்தோடு போய்விட்டது. இப்போது செல்போனில் கேட்கிறவர்களுக்கு எல்லாமே பட்டியலில் பல்லிளிக்கிறது. குரல் வந்ததும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இந்த மெட்டுக்கு வார்த்தை தேவைப்படவில்லை. வாத்தியத்தில் கேட்டபோதே அது பாடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் குரலை நான் தவறவிட மாட்டேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். 2005-ன் 'வயாட்டிகம்' வரும்போது இவர்களின் கட்டுமானம் நமக்குப் பழகிவிடுகிறது. மெதுவாகத் தொடங்கு, ஒரு சுழலைப் பிடி, ஏற்று, இன்னும் ஏற்று, வெடி, இறங்கு. நல்ல உத்திதான், ஆனால் ஒரு தட்டில் பத்துப் பாட்டு இருந்து அதில் ஐந்து இந்த வழியில் போனால், ஆறாவது கிளம்பும்போதே எங்கே போய் முடியும் என்று காது முன்னால் ஓடிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. மரணப் படுக்கையில் இருப்பவருக்குக் கத்தோலிக்கர்கள் கொடுக்கும் கடைசி நன்மைக்கான பெயரையே தட்டுக்கு வைத்தார்கள். அந்தக் கனத்தைத் தலைப்புப் பாட்டு தாங்குகிறது, எல்லாப் பாட்டும் தாங்கவில்லை. 2006-ன் 'ட்யூஸ்டே வொண்டர்லேண்ட்' பாக்கின் 24 முன்னிசை-ஃபியூக் தொகுப்பை மனதில் வைத்துத் தொடங்கியது. முதல் பாட்டு 'ஃபேடிங் மெய்ட் ப்ரிலூடியம்' அமைதியாகப் பியானோவில் ஆரம்பித்து, திடீரென்று ராக் குழு ஒன்று சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது போல் கரகரத்து வெடிக்கும். முதல் தடவை தூக்கிவாரிப் போடும். மூன்றாம் தடவை அந்த வெடி வருவதற்காகக் காத்திருப்போம். வெடிக்காக மட்டும் ஒரு பாட்டு இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

அமெரிக்காவில் வேறு விதமான முணுமுணுப்பு இருந்தது. ஸ்விங் எங்கே? ப்ளூஸ் எங்கே? கறுப்பின மக்களின் வலியிலிருந்து பிறந்த இசையில் அந்த வேரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? கேட்கத் தகுந்த கேள்விதான், எளிதில் தள்ளிவிட முடியாது. பிரிட்டிஷ் எழுத்தாளர் ஸ்டூவர்ட் நிக்கல்சன் 2005-ல், ஜாஸ் செத்துவிட்டதா, இல்லை வீடு மாறிவிட்டதா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பாவில், அதுவும் வடநாடுகளில், புது வீடு இருக்கிறது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு மே மாதம் சிகாகோவின் டவுன்பீட் இதழ், 1934-லிருந்து ஜாஸின் வேதம் மாதிரி இருக்கிற பத்திரிகை, இந்த மூவரின் படத்தை அட்டையில் போட்டது. ஓர் ஐரோப்பியக் குழு அந்த அட்டைக்கு வந்தது அதுவே முதல் முறை. நான் நிக்கல்சன் பக்கம் முழுதாகச் சாய மாட்டேன். ஜாஸ் எங்கும் குடிபெயரவில்லை. அமெரிக்காவில் அது நன்றாகவே இருந்தது, இருக்கிறது. ஸ்வென்சன் செய்தது அமெரிக்கர் மாதிரி வாசிக்க முயலாமல் இருந்தது. தன்னிடம் இல்லாத வலியை இரவல் வாங்காதது ஒரு நேர்மை. மங்க்கை ஒரு முழுத் தட்டு வாசித்துவிட்டு அந்த முடிவுக்கு வந்தார் என்பதால் அதற்கு மதிப்புக் கூடுகிறது.

ஸ்டூடியோவில் நான் சொன்ன குறை மேடையில் காணாமல் போய்விடும். 2006 நவம்பர் 22 அன்று ஹாம்பர்கில் வாசித்தது, மறு ஆண்டு 'லைவ் இன் ஹாம்பர்க்' என்று இரண்டு தட்டாக வந்தது. இவர்களை ஒரே ஒரு பதிவால் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதுதான். ஸ்டூடியோவில் ஐந்து நிமிடமாக இருந்தது இங்கே பத்து, பதினைந்து நிமிடம் ஓடும். ஏற்றம் அதே ஏற்றம்தான், ஆனால் எப்போது உச்சிக்குப் போவது என்பது முன்பே முடிவாகவில்லை; மூவரில் யார் வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். கடைசிப் பாட்டு 'பிஹைண்ட் த யஷ்மக்'கில் இதை நன்றாகவே பிடிக்கலாம். உச்சி வந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் கீழே இறங்கிவிடுகிறார்கள். மறுபடி ஏறத் தொடங்கும்போது கேட்கிறவருக்கு எதிர்பார்ப்பும் சந்தேகமும் சரிபாதி. இரண்டாம் முறை வரும்போது அந்தக் கனம் வேறு. இந்தப் பாட்டை முதல் முறை கேட்பவர்கள் பியானோவைத் தொடருங்கள், தவறில்லை. இரண்டாம் முறை ஓஸ்த்ரோமின் வலது கையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்: தட்டுச் சத்தம் எந்த இடத்தில் நெருங்குகிறது, எந்த இடத்தில் கையை எடுக்கிறார் என்று. மூன்றாம் முறை பேஸ். மூன்று தடவையும் மூன்று வேறு தலைவர்கள் தெரிவார்கள்.

ஹாம்பர்குக்குச் சில வாரங்கள் கழித்து, 2007-ன் தொடக்கத்தில், ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம். நடுவில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. சிட்னியில் ஸ்டூடியோ 301-ஐ எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மெட்டு எழுதிக்கொண்டு போகவில்லை. மணிக்கணக்காக வாசித்துத் தீர்த்தார்கள். பிறகு அதிலிருந்து வெட்டி எடுத்து அடுக்கியது 'லூக்கோசைட்'. வெள்ளை அணுக்கள் என்று பொருள். அழகு, மெட்டு, முணுமுணுக்கத் தோன்றுகிற சுரக்கட்டு எல்லாம் இதில் ஓரத்துக்குப் போய்விட்டன. 'ப்ரிமொனிஷன்', அதாவது முன்னுணர்வு, என்ற பாட்டின் முதல் பகுதி 17 நிமிடத்தைத் தொடுகிறது. பேஸும் டிரம்ஸும் ஒரு தடத்தைப் பிடித்துக்கொள்ள, பியானோ அதன் மேல் வருகிறது, விலகுகிறது, கெஞ்சுகிறது. இடையில் மூன்று நிமிடச் சொச்சத்துக்கு வழக்கமான ஸ்விங் நடையில் ஒரு பாட்டு. அதற்குப் பெயர் 'ஜாஸ்'. ஸ்விங் எங்கே என்று கேட்டவர்களுக்கு இதோ என்று எடுத்துக் காட்டிவிட்டுப் போகிற கிண்டல் அது. தலைப்புப் பாட்டு நான்கு பாகம். இரண்டாம் பாகம் ஒரு நிமிட முழு மௌனம். மூன்றாம் பாகத்துக்கு லத்தீனில் மரணத்தை நோக்கி என்று பெயர். இரைச்சலும் சிதைந்த குரலும் கரகரப்பும் சேர்ந்து அச்சுறுத்துகிற ஓசை.

தட்டு கடைக்கு வந்தது 2008 செப்டம்பரில். ஸ்வென்சன் ஜூனிலேயே இறந்துவிட்டிருந்தார். பிறகு கேட்க வேண்டுமா? முன்னுணர்வு என்று ஒரு பாட்டு, மரணத்தை நோக்கி என்று ஒரு பாகம், நடுவில் மௌனம். எல்லாரும் சகுனம் பார்த்தார்கள். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று எழுதினார்கள். அது அபத்தம். வாசித்தது 2007-ல், வெட்டிக் கோத்து வரிசைப்படுத்தியதும் அவர் உயிரோடு இருந்தபோதே. 42 வயது ஆள், உச்சத்தில் இருக்கிற குழு, தங்களுக்கு வெற்றி தந்த உத்தியையே உடைத்துப் பார்க்கத் துணிந்தது என்பதுதான் செய்தி. சகுனக் கதை அந்தத் துணிச்சலை விழுங்கிவிடுகிறது. நான் மேலே சொன்ன ஏற்றம்-வெடி-இறக்கம் என்ற சூத்திரம் அலுக்கத் தொடங்கியது நமக்கு மட்டும் அல்ல, அவர்களுக்கும்தான் என்பதற்கு இந்தத் தட்டே சாட்சி. அதே சிட்னி நாடாக்களில் மிச்சம் இருந்ததிலிருந்து 2012-ல் '301' வந்தது. மிச்சம் என்ற சொல்லுக்கு ஏற்ற தட்டு அல்ல அது. சில இடங்களில் 'லூக்கோசைட்'டைவிடத் தெளிவாக மூச்சு விடுகிறது.

வீட்டிலும் ஒன்று கிடந்தது. 2008 வசந்தத்தில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, ஸ்வென்சன் வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்திருந்தார். அவர் மனைவி ஈவா பல ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்புகளைக் கண்டெடுத்து, ஓக்கே லின்டனிடமே கொண்டுபோனார். 2022-ல் 'ஹோம்.எஸ்.' என்று வந்தது: ஒன்பது சிறு பாட்டுகள், ஆல்பாவில் தொடங்கி அயோட்டா வரை கிரேக்க எழுத்துகளே பெயர். நல்ல வாசிப்பு, பாக் மீதிருந்த பற்று ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது. ஆனால் இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று உறுதியானது. தனியாக இருக்கும்போது ஸ்வென்சன் நிறைய வாசிக்கிறார். இடது கை இடைவிடாமல் ஓடுகிறது, இடைவெளிகளை அவரே நிரப்புகிறார். காகாரின் பாட்டில் ஒரு சுரத்தை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்காமல் உட்கார்ந்திருந்தவர் இங்கே இல்லை. அந்தப் பொறுமை அவருடைய தனிச் சுபாவம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம். மற்ற இருவர் பக்கத்தில் இருந்ததால் வந்த பொறுமை அது.

அந்த இருவரும் நிறுத்தவில்லை. பெர்க்லுண்ட் தோன்புரூக்கெத் என்ற குழுவைத் தொடங்கினார். ஓஸ்த்ரோம் 2011-ல் 'த்ரெட் ஆஃப் லைஃப்' என்ற தட்டைப் போட்டார். அதில் நண்பருக்காக 'பாலட் ஃபார் இ' என்று ஒரு பாட்டு, கிட்டார் பேட் மெதீனி, பேஸ் பெர்க்லுண்ட்தான். 2016-ல் ஹான்ஸ் எக் இவர்களின் மெட்டுகளை ராயல் ஸ்டாக்ஹோம் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்காக விரித்து எழுதினார். கேட்க இனிமை, ஆனால் அத்தனை பேர் சேர்ந்து நிரப்பியதில், மூவரும் எதை நிரப்பாமல் விட்டுவைத்தார்களோ அதுவே காணாமல் போயிருக்கிறது. பிறகு இருவரும் நார்வேயின் புக்கே வெஸல்டோஃப்டைப் பியானோவில் வைத்துக்கொண்டு ரிம்டென் என்ற குழுவாக 2019-ல் தட்டு போட்டார்கள். அதை இ.எஸ்.டி. மாதிரி இருக்கிறதா என்று தேடிக்கொண்டு கேட்காதீர்கள். பியானோக்காரர் வேறு, கீபோர்டும் மேடைக்கு வந்துவிட்டது, விளையாட்டும் வேறு.

புதிதாக வருகிறவர்களுக்கு என் வரிசை: முதலில் 'செவன் டேஸ் ஆஃப் ஃபாலிங்', பிறகு ஹாம்பர்க், பிறகு 'லூக்கோசைட்'. காகாரினை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். 'வயாட்டிகம்' கடைசியில் போதும். 2005-ல் லண்டன் பார்பிகனில் அதே பாட்டுகளை வாசித்த பதிவு 2018-ல் வந்திருக்கிறது; ஸ்டூடியோவில் கனத்துக் கிடந்தவை அங்கே எழுந்து நடக்கின்றன.

வெஸ்டரோஸ் என்றேனே, அந்த நகரத்தில் 1944-ல் பிறந்த இன்னொரு பியானோக்காரர் உண்டு, போபோ ஸ்டென்சன். ஸ்வென்சனைவிட இருபது வயது மூத்தவர், அவரைவிடக் குறைவாகப் பேசுபவர், எனக்கு அவரைவிட ஒரு படி மேலானவர். ஏன் என்று அடுத்த வாரம் சண்டை போடலாம்.

(தொடரும்)